மீன் வாங்கத் தெரியாதவனின் கப்பல் பயணம்

ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களோடு பத்து வருடம் பழக வேண்டியதில்லை. ஒரே கப்பலில் இரண்டு காலைப் பொழுதுகள் இருந்தால் போதும். வீட்டில் நாம் எழுந்ததும் செய்கிற கிறுக்குத்தனங்களைச் சுவர்கள் மறைத்துவிடுகின்றன. கப்பலில் அந்த வசதி கிடையாது. யார் வாய் கொப்பளிக்கும்போது பக்கத்து அறைக்காரர் பயந்து எழுந்திருக்கிறார், யார் வெந்நீர் குடித்துவிட்டு நூறு அடி நடந்தால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும் என்று காத்திருக்கிறார் என்பதெல்லாம் காலை ஆறு மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கப்பலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அங்கே கையில் காசு புழங்காது. எதை வாங்கினாலும் ஒரு சீட்டு நீட்டுவார்கள், அறை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். டாலிகஞ்ச் ஆட்டோவில் மீதிச் சில்லறைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற ஆசாமி, கப்பலில் ஏறியதும் ஜமீன்தார் மாதிரி கையெழுத்துப் போட்டுத் தள்ளுவான். அந்த ஆசாமி நான்தான். அப்படிப் படித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். வீடு டாலிகஞ்ச், வேலை நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். அதே மாடியில் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவள் மௌஷுமி சென்குப்தா. மூன்று வருடம் ஒரே கேன்டீனில் டீ குடித்த பிறகு கல்யாணம் செய்துகொள்வது என்று தீர்மானித்து இரண்டு வீட்டிலும் சொன்னோம். என் அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டாம் நாள் "அந்தப் பொண்ணுக்கு ரசம் பிடிக்குமாடா?" என்று கேட்டாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். அப்பாவுக்குத் தனிக் கருத்து எதுவும் கிடையாது.

சிக்கல் மௌஷுமியின் அப்பாவிடம்தான். வீடு அலிப்பூரில், ஓர் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைக் காக்கு என்று கூப்பிடுவேன். (வங்காளத்தில் சித்தப்பாவும் காக்குதான், சிநேகிதியின் அப்பாவும் காக்குதான்.) ஜாதி, மொழி, ஜாதகம் எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு ஆட்சேபணைதான் சொன்னார்.

"பையன் நல்லவன். படிச்சவன். ஆனா பாஜாருக்குப் போகத் தெரியாதே. மீன் வாங்கத் தெரியாதவன் கையில பொண்ணைக் குடுத்தா அவ என்னத்தைச் சாப்பிடுவா?"

(காக்குவும் மௌஷுமியும் பேசியதெல்லாம் வங்காளத்தில். உங்கள் சௌகரியத்துக்காகத் தமிழில் தருகிறேன். காக்குவின் குரலில் இருந்த கண்டிப்பை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.)

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். கல்கத்தாவில் இருக்கிற எங்களுக்குத் தெரியும், அது சிரிக்கிற விஷயமில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காலைக் குளியல் எப்படியோ அப்படி ஒரு வங்காளிக் குடும்பத் தலைவருக்குக் காலை பாஜார். நைலான் பையோடு போக வேண்டும். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விலையைக் கேட்டதும் அதிர்ச்சி அடைய வேண்டும். இரண்டு அடி நடந்து போய்விட வேண்டும். மீன்காரர் "தாதா, வாங்க வாங்க" என்று அண்ணன் முறை வைத்துப் பின்னாலிருந்து கூப்பிட்டதும் வேண்டா வெறுப்பாகத் திரும்பி வர வேண்டும். இது நடந்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது விடியும். நாங்களோ வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற குடும்பம்.

மௌஷுமிதான் கப்பல் யோசனையைச் சொன்னாள். "எங்கப்பா அம்மா உங்க வீட்டுக்கு வந்தா மீன் இல்லையேம்பாங்க. நீங்க எங்க வீட்டுக்கு வந்தா மீன் வாசனைம்பீங்க. நடு ஆத்துல வெச்சுப் பேசிக்கட்டும்." கல்கத்தாவிலிருந்து கிளம்பி கங்கையில் கால்னா, மாயாப்பூர் வரை போய்த் திரும்புகிற நான்கு நாள் உல்லாசக் கப்பல் அது. இருபது அறைகள், கீழே ஒரு சாப்பாட்டுக் கூடம், மேலே பிரம்பு நாற்காலிகள் போட்ட திறந்த தளம். ஜனவரி மாதம், நல்ல பனி. எங்கள் குடும்பம் மூவருக்கு ஓர் அறை, அவர்கள் மூவருக்குப் பக்கத்து அறை. சாப்பாடு, படுக்கை எல்லாம் டிக்கெட்டில் அடங்கிவிடும். ஆனால் உசத்தியான டார்ஜிலிங் டீ, துணி தோய்த்தல், கடை, ஸ்பா என்று சொல்லப்படுகிற உடம்பு பிடித்துவிடும் இடம் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. காக்குவின் மனதைக் கரைப்பதற்காக, அவர் எதை வாங்கினாலும் என் அறைக் கணக்கில் எழுதிவிடும்படி முதல் நாளே மேனேஜரிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் எல்லோருடைய சுயரூபமும் வெளிவந்தது. அம்மா நாலே முக்காலுக்கு எழுந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டு, பால் கேட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். கப்பல் காபியைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அப்பா, கப்பலில் பேப்பர் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போன வாரத்துப் பேப்பர்களைக் கட்டி எடுத்துவந்திருந்தார். தினம் ஒன்றாகப் பிரித்து, அன்றைக்குத்தான் நடந்தது மாதிரி "அடடா" என்று படித்தார். மேல் தளத்தில் ஓர் ஆஸ்திரேலிய அம்மையார் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். காக்கிமா, அதாவது மௌஷுமியின் அம்மா, ஒன்பது மணி வரை தூங்கினார்.

காக்கு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஐந்தரைக்கு எழுந்தார். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டார். டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டார். தளத்தை ஏழு சுற்றுச் சுற்றினார். பிறகு வழக்கப்படி பையை எடுத்தார். எடுத்த பிறகுதான் போவதற்குப் பாஜார் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பையும் கையுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தண்ணீரையே பார்த்தார். அப்புறம் நேராகக் கப்பலில் இருந்த சின்னக் கடைக்குள் நுழைந்தார். சுடுமண் குதிரை, பட்டு ஸ்கார்ஃப், சாவிக்கொத்து விற்கிற கண்ணாடிக் கடை அது.

"இந்தக் குதிரை என்ன விலை?"

"எண்ணூறு சார்."

"எண்ணூறா!" காக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குதிரையைத் தலைகீழாகத் திருப்பி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நானூறு."

"ஒரே விலைதான் சார்."

காக்கு குதிரையை வைத்துவிட்டு வெளியே நடந்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியை ரொம்ப மெதுவாக வைத்தார். யாரும் கூப்பிடவில்லை. கடைக்காரப் பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கு தானாகவே திரும்பி வந்து, எண்ணூறுக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, குதிரையை மீன்பையில் போட்டுக்கொண்டு தலை குனிந்து போனார். (அந்த எண்ணூறு என் கணக்கில் ஏறியது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவர் போன விதம்தான் மனதைப் பிசைந்தது.)

அன்று சாயங்காலம் மௌஷுமி முகம் வாடி வந்தாள். "அப்பாகிட்ட பேசினேன். பையன் என்னவோ நல்லவன்தான், ஆனா ஒரு மீனை நேருக்கு நேர் பார்த்திருப்பானா அவன்னு கேக்கறார். கப்பல் இறங்கறதுக்குள்ள ஏதாவது பண்ணு. இல்லேன்னா வீட்டுக்குப் போனதும் வேற இடம் பார்க்க ஆரம்பிச்சிடுவார்."

அப்போதுதான் என் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. மறுநாள் காலை கப்பல் கால்னாவில் நிற்கும். காய்கறி வாங்க ஐந்து மணிக்குச் சமையல்காரர் சின்னப் படகில் கரைக்குப் போவார். நானும் கூடப் போய், காக்கு கப்பலேறியதிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிற கொய் மீனை உயிரோடு வாங்கிவந்து அவர் முன்னால் நிறுத்திவிட வேண்டும். பனிக்காலத்தில் காலிஃபிளவர் போட்ட கொய் மீன் குழம்பு இல்லாமல் வங்காளிக்கு ஜனவரி கழியாது. தமிழில் இதைப் பனையேறிக் கெண்டை என்பார்கள். அந்தப் பெயரைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கூடவே இன்னொரு சேவையும் செய்தேன். ஸ்பாவில் இருந்த பெண்மணியிடம் போய், காக்குவுக்கு இருப்பதிலேயே உயர்ந்த சேவை வேண்டும் என்றேன். முகத்துக்கு மண் பூச்சு, கண்ணுக்கு வெள்ளரித் துண்டு, காலை ரோஜா இதழ் மிதக்கும் தண்ணீரில் ஊறவைப்பது எல்லாம் சேர்ந்த ஒன்றைச் சொன்னார். சீட்டை நீட்டினார். கதவில் 'காலை ஒன்பது முதல்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதனால் ஒன்பதுக்கு என்று நானே முடிவுகட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சீட்டில் பொடி எழுத்தில் 'சூரியோதயச் சலுகை, காலை ஆறரை' என்று இருந்ததாம். பிற்பாடு காட்டினார்கள்.

மறுநாள் ஐந்தரைக்குக் கால்னா பாஜாரில் நின்றேன். முதல் நாள் ராத்திரி செல்போனில் ஆறு வீடியோ பார்த்துத் தேர்ந்திருந்தேன். கண் பளபளக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும். ஆனால் மீன் துள்ளிக்கொண்டிருந்தால் எதையும் பார்க்க முடியாது என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. அலுமினியப் பானையில் கறுப்பாக ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் காலிஃபிளவர் பக்கம் போயிருந்தார். மீன்காரரிடம் விலை கேட்டேன். கிலோ அறுநூறு என்றார். மாமனாராகப் போகிறவருக்கு மட்டமாக வாங்கக் கூடாதே என்று, "இதைவிட நல்லது இல்லையா?" என்று கேட்டேன்.

மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கு பாபு. ஆனா அது ஆயிரத்து இருநூறு." சொல்லிவிட்டு அதே பானையில் அந்தப் பக்கத்தில் கைவிட்டு எடுத்துப் போட்டார். எனக்கு ஒரே பெருமை. இரண்டு கிலோவுக்குப் பதினான்கு மீன்கள், தண்ணீரோடு பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார்.

படகில் திரும்பும்போதுதான் சமையல்காரர் பையைப் பார்த்தார். "ஐயோ சார், வெளியில வாங்கின உயிர் மீனை நான் சமையலறைக்குள்ள விட முடியாது. மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். இது உங்க பாடு." கப்பலில் கால் வைத்தபோது பையிலிருந்து பேன்ட்டில் தண்ணீர் சொட்டியது. கொய்யின் துடுப்பில் வரிசையாக முள் இருக்கிறது என்பதும், அது பாலிதீனைத் துளைக்கும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் அறையில் அம்மா சுவாமி படங்களை அடுக்கி ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பையோடு உள்ளே போனால் நான் அந்த வீட்டுப் பிள்ளையாகத் தொடர முடியாது. பக்கத்து அறையில் காக்கிமா தூங்கிக்கொண்டிருந்தார். பை நிமிஷத்துக்கு நிமிஷம் இளைத்துக்கொண்டே வந்தது.

தாழ்வாரத்துக் கடைசியில் ஸ்பாவின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை. சாய்வு நாற்காலிக்கு முன்னால் ஒரு பெரிய பித்தளைத் தொட்டி, அது நிறையத் தண்ணீர். திறப்பதற்கோ ஒன்பது மணியாகும். காக்குவைத் தேடி அழைத்துவர எனக்குப் பத்து நிமிடம் போதும். பையை அப்படியே கவிழ்த்தேன். பதினான்கும் ஆனந்தமாகத் தண்ணீருக்குள் போயின. பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த ரோஜா இதழ்களையும் மேலே தூவி மூடினேன். (தொட்டியில் தண்ணீர் வெதுவெதுவென்று ஏன் இருக்கிறது என்று ஒரு புத்திசாலி கேட்டிருப்பான்.)

மேல் தளத்துக்கு ஓடினேன். காக்கு இல்லை. கடையில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அம்மா ஸ்லோகம் முடித்துக் காபியோடு வந்து உட்கார்ந்திருந்தாள், எதிரே அப்பா போன செவ்வாய்க்கிழமையைப் படித்துக்கொண்டிருந்தார். மௌஷுமி டீ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கே?"

"தெரியாதா? நீ ஏற்பாடு பண்ணின ஸ்பாவுக்குத்தான் போயிருக்கார். ஆறரைக்கு வந்து கூப்பிட்டாங்க. முகமெல்லாம் சிரிப்பு. பையனுக்கு மரியாதை தெரியுதுன்னார்."

அதே விநாடியில் தாழ்வாரத்துக் கோடியிலிருந்து, "ஓ மா கோ!" என்று ஓர் அலறல் கேட்டது. கரையில் இருந்த நாய்கள் பதில் குரல் கொடுத்தன.

உள்ளே நடந்ததை அந்தப் பெண்மணி பிறகு சொன்னார். முகம் முழுக்கப் பச்சை மண். இரண்டு கண்ணிலும் வெள்ளரி. வெள்ளை அங்கியில் காக்கு சாய்ந்து, "ஆஹா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் தண்ணீரில் விட்டிருக்கிறார். பதினான்கு கொய் மீன்கள் குடியிருக்கிற இடத்தில் நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு உள்ள மனிதர் முழு பலத்தோடு காலை ஊன்றினால் அவையும் என்னதான் செய்யும்? தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. காக்கு உதைத்த உதையில் தொட்டி கவிழ்ந்தது, ரோஜா இதழோடு வெள்ளம் கதவைத் தாண்டி வந்தது, அதோடு மீன்களும் வந்தன.

மற்ற மீன்களாக இருந்தால் அங்கேயே துள்ளிக் கிடந்திருக்கும். கொய் நடக்கும். செவுளை ஊன்றி, உடம்பை ஒருக்களித்து, ஏதோ அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது போலத் தாழ்வாரக் கம்பளத்தில் வரிசையாகப் புறப்பட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தன. ஒரு மேஜையில் தோசை விழுந்தது. யாரோ நாற்காலி மேல் ஏறினார்கள். (ஒரு மீன் படியேறி மேல் தளத்துக்குப் போய், தலைகீழாக நின்ற ஆஸ்திரேலிய அம்மையாரை நேருக்கு நேர் பார்த்தது என்று ஒரு கட்சி இன்றும் சொல்கிறது. நான் பார்க்கவில்லை.) அப்பா காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அம்மாவின் காலடிக்கு ஒன்று வந்தது. என் அம்மா கத்தவில்லை. டம்ளரில் இருந்த காபியை ஒரே மடக்கில் குடித்தாள், டவராவை எடுத்தாள், மீனின் மேல் கவிழ்த்தாள், அதன் மேல் குடத்தை வைத்து அமுக்குகிற மாதிரி சர்க்கரை ஜாடியை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஜன்மத்துக்கும் அந்தப் பார்வையை மறக்க மாட்டேன்.

அப்போது வாசலில் காக்கு தோன்றினார். அங்கி நனைந்து, முகம் பச்சையாக, ஒரு வெள்ளரித் துண்டு கன்னத்தில் ஒட்டியிருக்க, நொண்டிக்கொண்டு வந்தார். யாரையாவது கொல்ல வேண்டும் என்ற முடிவோடுதான் வந்தார் என்பது தெரிந்தது. கீழே பார்த்தார். அப்படியே நின்றார்.

"கொய்!" என்றார். "ஜனவரி மாசத்துக் கொய்!"

அடுத்த கணம் மனிதர் தரையில் மண்டியிட்டுவிட்டார். பரிசாரகர்களுக்கு உத்தரவு பறந்தது. "வாலைப் பிடிக்காதே! தலைப் பக்கமாப் போ! துடுப்பைப் பின்னால அமுக்கு! ஏய், அந்தப் பூச்சட்டிக்குப் பின்னால ஒண்ணு!" கால் வலியெல்லாம் எங்கே போனதோ, அறுபத்திரண்டு வயதுக்காரர் மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். ஐஸ் வைக்கிற வாளியில் ஒவ்வொன்றாகப் போட்டார். பதிமூன்று ஆயிற்று. அம்மாவின் டவராவைத் தூக்கிப் பதினான்காவதையும் எடுத்துக்கொண்டார். (அந்த டவராவை அம்மா அப்போதே ஜன்னல் வழியாகக் கங்கைக்குச் சமர்ப்பித்துவிட்டாள்.)

வாளியோடு எழுந்து நின்று மூச்சு வாங்கினார். "இதை யார் வாங்கிட்டு வந்தது?"

மௌஷுமி என் கையைக் கிள்ளினாள். "நான்தான் காக்கு" என்றேன்.

"நீயா பெங்கோடேஷ்?" (என் பெயர் வெங்கடேஷ். அவர் வாயில் அது இப்படித்தான் வரும்.) அந்தப் பச்சை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். "பாஜாருக்குப் போனியா? நீயே பார்த்து வாங்கினியா? என்ன விலை?"

அங்கே நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். "ஆயிரத்து இருநூறு."

"மொத்தமும் சேர்த்துத்தானே?"

"கிலோ. அறுநூறுக்கும் இருந்தது காக்கு. நான்தான் நல்லதாக் கேட்டு வாங்கினேன். பானையில அந்தப் பக்கத்துலேருந்து எடுத்துக் குடுத்தார்."

காலில் முள் ஏறியபோது கூட அவர் அப்படிக் கத்தவில்லை. "அதே பானையிலயா? ஒரே பானையில, ஒரே தாய் வயித்துல பொறந்த மீனுக்கு ரெண்டு விலையா?" வாளியை மேஜை மேல் வைத்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பரிசாரகர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அதற்குள் மேனேஜர் வந்து, விதிப்படி இதைக் கப்பலில் வைத்திருக்க முடியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாளியைக் கம்பிப் பக்கம் எடுத்துப்போய்க் கவிழ்த்தார். பதினான்கும் போவதைக் காக்கு நின்று பார்த்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. சாப்பாடு உள்ளேயே போயிற்று. காக்கிமா ஒருமுறை வெளியே வந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மௌஷுமி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, மேல் தளத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏண்டா, நம்மாத்துல பொறந்துட்டு மீன் வாங்கினே. சரி, வாங்கினதுதான் வாங்கினே, அதையும் ஏமாந்தா வாங்கணும்? ரெண்டுல ஒண்ணையாவது உருப்படியாப் பண்ணியிருக்கப்படாதா?"

நான்காம் நாள் காலை கல்கத்தாவில் இறங்கும் முன் கணக்குத் தீர்க்கும் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். மேனேஜர் ரொம்ப மரியாதையாக ஒரு தாளை நீட்டினார். டீ, குதிரை, ஸ்பா ஆகியவற்றோடு கம்பளம் சுத்தம் செய்ய, தொட்டி நசுங்கியதற்கு, அங்கிக்கு, துண்டுகளுக்கு என்று போய், அடியில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. வாழ்க்கையே போய்விட்டது, இனி இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று பேனாவை எடுத்தேன்.

ஒரு கை வந்து பேனாவைப் பிடுங்கியது. குரங்குக் குல்லாயோடு காக்கு நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். மீனின் செவுளைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியையும் விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"துண்டு பதினெட்டா? மீனே பதினாலுதானே? ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக்கூட நாலு மிச்சம்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கம்பளத்துல என்ன அமிலமா கொட்டிச்சு? கங்கைத் தண்ணி. உங்க கப்பலே அதுலதான் மிதக்குது. தொட்டி நசுங்கிப்போச்சாம். என் கால் நசுங்கினதுக்கு யார் குடுப்பா? ஏழு முள்ளு! காட்டட்டுமா?" செருப்பைக் கழற்றிக் காலை மேஜை மேல் வைக்கப் போனார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். "பத்தாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

"சார், எங்களுக்குப் பேரம் பேசற வழக்கம் இல்லை..."

"ஏமாந்தவன் ஒருத்தன் கிடைச்சான்னு என் ஜாமாய் தலையில மிளகாய் அரைக்கப் பார்க்கறீங்களா? வா பெங்கோடேஷ், போலாம்!" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கும் பலகையை நோக்கி நடந்தார். இரண்டு அடி. மூன்றாவது அடி.

"சார்! சார், வாங்க, வாங்க!" என்று மேனேஜர் கூப்பிட்டார்.

நான்கு நாளாக அந்த மனிதர் காத்திருந்த குரல் அது. காக்குவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். வேண்டா வெறுப்பாகத் திரும்பினார். பதினோராயிரத்தில் முடிந்தது.

அதற்குள் எங்களுக்குப் பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா மௌஷுமியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னார் உங்கப்பா? ஜாமாய்னா மாப்பிள்ளைதானே? மாப்பிள்ளைன்னா சொன்னார்?" காக்கிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மௌஷுமி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர ஜோரில் வாய் தவறி வந்துவிட்டது என்பது காக்குவுக்கும் அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மப்ளரில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"என்ன பண்றது?" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "இவனைத் தனியா விட்டா ஊரே சேர்ந்து இவனை வித்துடும். கூட இருந்து பார்த்துக்க ஓர் ஆள் வேணுமே." பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. என் உயிர் இருக்கற வரைக்கும் நீ பாஜார் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. எல்லாம் நானே வாங்கிப் போடறேன்."

நான் அவர் காலில் விழுந்தேன். குத்துப்பட்ட கால் எது என்று தெரியாமல் அதையே தொட்டுவிட்டேன். இன்னொரு முறை "ஓ மா கோ" கேட்டது.

அந்த வருடமே கல்யாணம். எங்கள் பக்கத்துச் சடங்கில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். வாத்தியார் பித்தளைத் தாம்பாளத்தை என் முன்னால் வைத்து, "மாப்பிள்ளை, காலை வைங்கோ" என்றார். காக்கு பட்டு வேட்டியில் எதிரே உட்கார்ந்து, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தாம்பாளத்தில் தண்ணீர், தண்ணீரின் மேல் பூவிதழ். நான் காலை வைக்காமல் குனிந்து, பூவை விலக்கிப் பார்த்தேன். சென்குப்தா தரப்பில் ஐம்பது பேரும் ஒன்றாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். காரணம் தெரியாத வாத்தியார் முகூர்த்தம் போகிறது என்று கத்தினார். காக்கு சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து செம்பையே கீழே போட்டுவிட்டார்.

கல்யாணத்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். தாலி கட்டுகிற படம் அருமையாக வந்திருந்தது. ஆனால் அலிப்பூர் வீட்டு ஹாலில் காக்கு சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதை அல்ல. தாம்பாளத்துக்குள் நான் குனிந்து தேடுகிற படத்தைத்தான். யார் வீட்டுக்கு வந்தாலும் டீ வருவதற்கு முன் அதற்கு நேரே கூட்டிப்போய் நிறுத்திவிடுகிறார். "என் ஜாமாய்" என்கிறார். "மீன் பார்த்து வாங்கறான்."